முறுக்குப் பட்டறையில் கிடைத்த பூஜ்யம்

மும்பைக்குப் போகிறேன் என்றதும் ஆபீசில் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒருத்தர் பேத்திக்குக் கவுன் வாங்கி வரச் சொன்னார். இன்னொருத்தர் தன் சார்பில் கடலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கணக்குப் பிரிவில் இருக்கும் ஜெபா மட்டும் எல்லாரும் நகர்ந்த பிறகு என் மேஜை ஓரத்தில் வந்து நின்றாள். அவளுடைய அக்கா எஸ்தர் தாராவியில் முறுக்குப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையிலிருந்து கேஸ் கசிகிறது என்று மேல்வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வருகிறார். கசிவு இருந்தால் அன்றைக்கே சீல். தீபாவளிக்குப் பதினைந்து நாள்கூட இல்லை.

"நம்ம மிஷினக் கொண்டுபோய் ஒருக்கா பாத்துச் சொல்லிட்டு வாங்கக்கா. எங்க அக்கா மேல தப்பு இருக்காது" என்றாள். உடன்பிறந்தவள் வேறு எப்படிச் சொல்வாள்? சரி என்றேன்.

அந்த மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் கிரைண்டரும் செய்யாமல் மோட்டார் பம்பும் செய்யாமல் ஒரு கம்பெனி பிழைப்பதே அதிசயம். நாங்கள் ஒன்பது பேர் அப்படிப் பிழைக்கிறோம். சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. அதற்குள் அரை மீட்டர் நீளத்தில் ஒரு எஃகுக் குழாய். குழாயின் இரண்டு முனையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கண்ணாடிகள். உள்ளே லேசர் ஒளியை விட்டால் அது இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பதாயிரம் தடவை போய்ப் போய் மோதித் திரும்பும். அரை மீட்டர் குழாய்க்குள்ளேயே மாட்டுங்காவிலிருந்து தாணே வரைக்கும் ஓடிய கணக்கு. பிறகு லேசரைச் சட்டென்று அணைத்துவிட்டு, உள்ளே மிச்சம் இருக்கும் ஒளி சாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். குழாயில் மீத்தேன் வாயு இருந்தால் அது போகிற வருகிற ஒளியைத் தின்னும். ஒளி சீக்கிரம் சாகும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மீத்தேன். வித்தை இவ்வளவுதான். இதைச் செய்ய எனக்குப் பதினோரு வருஷம் ஆனது.

பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. சாதாரணக் காற்று எது என்று முதலில் அதற்கு யாராவது சொல்லித் தர வேண்டும். திறந்தவெளிக் காற்றில் மீத்தேன் பத்து லட்சம் பங்குக்கு இரண்டு பங்கு அளவில் எப்போதும் இருக்கும். நல்ல காற்றை உறிஞ்சவிட்டு, "இதுதான் இரண்டு" என்று ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் போதும். பிறகு எங்கே போனாலும் அதிலிருந்து கூட்டிக் கழித்துச் சொல்லும். கோயம்புத்தூரில் இதற்கென்றே சுத்தக் காற்று அடைத்த சிலிண்டர் வைத்திருக்கிறோம். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. போகிற இடத்தில் நல்ல காற்றாகப் பார்த்துப் பொத்தானை அமுக்கிக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை மாட்டுங்கா. என் பழைய ஹாஸ்டல் தோழி சுதா வீட்டில்தான் ஜாகை. பாங்கில் வேலை, மூன்றாவது மாடி, இருபத்திரண்டு வருஷ மாட்டுங்கா வாசம். தெருவில் இறங்கினால் ஒரு பக்கம் வாழையிலையும் கதம்பமும், மறுபக்கம் மெஸ் வாசலில் ரசவடைக்குக் காத்திருக்கும் கூட்டம். பெயர் கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். எங்கள் ஊரில் சாப்பிட வந்தவரை இப்படி நிற்கவைத்தால் ஓட்டல்காரருக்கே கூச்சமாகிவிடும். இங்கே நிற்பவர்கள் பெருமையோடு நிற்கிறார்கள். நானும் நாற்பது நிமிஷம் நின்று ரசவடை தின்றேன். நின்றதற்குத் தகும்.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். புதன்கிழமை செம்பூரில் ஒரு கல்லூரியில் மிஷினைக் காட்ட வேண்டும், வியாழனும் வெள்ளியும் தாராவி என்றேன். சுதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தாராவிக்கா? நோக்கென்ன பைத்தியமா டீ? மாஸ்க் போட்டுண்டு போ. வந்த உடனே நேரா பாத்ரூமுக்குப் போயிடு, சோபால உக்காராதே."

அவள் வீட்டிலிருந்து டாக்சியில் பத்து நிமிஷம்தான் தாராவி. அவள் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாளாம். அவளைச் சொல்வானேன், நான் மட்டும் என்ன யோக்கியம்? நல்ல காற்று எங்கே கிடைக்கும் என்று ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. மாட்டுங்கா வீடு. மூன்றாவது மாடி. கூடத்தில் பச்சை விளக்கு எரிய ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வேறு. "எங்காத்துக் காத்து ஏ ஒன்" என்றாள் சுதா. பெரிய பிளக் சமையலறையில் மட்டும்தான் இருந்தது. பெட்டியை மிக்சிக்குப் பக்கத்தில் வைத்து, அரைமணி நேரம் ஓடவிட்டு, "இதுதான் இரண்டு" என்று பொத்தானை அமுக்கினேன். திரையில் அழகாக இரண்டு என்று வந்தது.

புதன்கிழமை செம்பூர். கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி வடாலாவில் மாற வேண்டும். பெண்கள் பெட்டியில் என் பெட்டியைத் தரையில் வைத்ததும் ஒரு அம்மாள் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கண்ணாடி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தாம் ஒன்றும் அவ்வளவு கனமில்லை என்று அவர் பதில் சொன்னார். எதிரே இரண்டு பேர் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள். ஆய்ந்து கொடுத்தேன். இறங்கும் வரை அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. கோயம்புத்தூர் டவுன் பஸ்சில் இதற்குள் நான்கு "ங்க" போட்டு ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்திருக்கும்.

கல்லூரியில் ஒரு புரொபசரும் இருபது மாணவர்களும் காத்திருந்தார்கள். குழாய், கண்ணாடி, தாணே வரை ஓடும் ஒளி என்று நன்றாகவே பேசினேன். பெட்டியை ஜன்னலோரம் வைத்து வெளிக்காற்றை உறிஞ்சவிட்டேன். திரையில் மைனஸ் முப்பத்தாறு வந்தது.

காற்றில் ஒரு வாயு இருக்கலாம், இல்லாமல் போகலாம். இல்லாததற்கும் கீழே முப்பத்தாறு இருக்க முடியாது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடி மைனஸ் முப்பத்தாறு. புரொபசர் மராத்திக்காரர், தங்கமான மனிதர். "எங்கள் செம்பூரைப் பற்றி இவ்வளவு உயர்வாக இதுவரை யாரும் சொன்னதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மாணவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. அவமானம் பிடுங்கித் தின்ன, வெளியே வந்து ஒரு வண்டிக்கடையில் பாவ்பாஜி வாங்கினேன். ஆத்திரத்தில் ஐந்து பாவ் உள்ளே போனது.

முதலாளிக்குப் போன் போட்டேன். கண்ணாடியில் கை பட்டதா என்றார். கை படவில்லை, ஒரு அம்மாள் உட்கார்ந்தார் என்றேன். அப்படியானால் கண்ணாடி கோணியிருக்கும் என்றார். ஆனால் கண்ணாடி அழுக்கானாலோ கோணினாலோ ஒளி சீக்கிரம் செத்து, எண் ஏற வேண்டும். இங்கே இறங்கியிருக்கிறது. அதாவது மாட்டுங்காவில் இருந்ததைவிட செம்பூரில் ஒளி அதிக நேரம் உயிரோடு இருக்கிறது. ஒருத்தர் மேலே உட்கார்ந்ததால் கண்ணாடி சுத்தமாகியிருக்க வழியில்லை.

சாயங்காலம் சுதா வீட்டுச் சமையலறையில் அதே பிளக்கில் போட்டேன். இரண்டு என்று வந்தது. அச்சாக இரண்டு. "பாத்தியா, எங்காத்துல எல்லாம் கரெக்டா இருக்கும்" என்றாள் சுதா. எனக்கு அழுகை வந்தது. விடிந்தால் தாராவி, மறுநாள் அதிகாரி. மாட்டுங்காவில் மட்டும் உண்மை பேசும் மிஷினை வைத்துக்கொண்டு ஜெபாவின் அக்காவுக்கு நான் என்ன செய்வது? படித்த படிப்பில் ஒரு வரி நினைவுக்கு வந்திருந்தால் அன்றைக்கே விஷயம் பிடிபட்டிருக்கும். மாட்டுங்காக் காற்றைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை தாராவி. டாக்சிக்காரர் பெரிய சாலையில் இறக்கிவிட்டு, இதற்கு மேல் நீங்களாச்சு என்று போய்விட்டார். ஒரு சந்துக்குள் திரும்பினேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். பெட்டியோடு நான் வந்ததால் எல்லாருமே ஒட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தோல் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார்கள், அடுத்ததில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் திருநெல்வேலி. நடுநடுவே பம்பாய் இந்தி. வழி கேட்டவுடன் மூன்று பேர் சேர்ந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

எஸ்தரக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். நாசரேத் பக்கத்துக்காரர். இடுப்பில் ஏப்ரன், காதில் புளூடூத். "ஜெபா சொன்னா, சொன்னா. வாங்க. மொதல்ல தின்னுங்க, பொறவு பேசுவோம்" என்று சுடச்சுட இரண்டு முறுக்கைக் கையில் வைத்தார். கை பொறுக்காத சூடு. ஓமம் தூக்கலாக, நாக்கில் வைத்ததும் பொடிந்தது. நீள அறை. நான்கு அடுப்பு, ஆறு பெண்கள், மூலையில் ஆளுயர மாவு டிரம், பின்னால் பாக்கெட் போடும் இடம். சுவரில் பைபிள் வசனக் காலண்டர். வாசலை ஒட்டி மாடிக்கு ஒரு இரும்பு ஏணி. ஏணியின் மேல்படியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புகார் எழுதிக் கொடுத்த முத்துலட்சுமி அவள்தான்.

இரண்டு பேருக்கும் பேச்சு நின்று நான்கு மாதமாகிறது. மூன்றடி தூரத்தில் இருந்துகொண்டு என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

"கேளுங்க மேடம், ராத்திரி பகல்னு இல்லாம அலாரம் அடிக்கி. எட்டு மாசப் பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போவ?" என்றாள் முத்துலட்சுமி.

"சொல்லுங்க மேடம், அந்த அலாரம் சைனா மாலு. கடுகு தாளிச்சாலும் அடிக்கும்" என்றார் எஸ்தரக்கா.

மாடியில் மாட்டியிருந்த கேஸ் அலாரத்தைப் போய்ப் பார்த்தேன். நல்ல அலாரம்தான். ஆனால் எரியக்கூடிய வாயு எது வந்தாலும் கத்தும், இன்ன வாயு என்று சொல்லத் தெரியாது. முத்துலட்சுமி காலண்டர் தாளில் அது அடித்த நேரத்தையெல்லாம் பால்பாயிண்டில் எழுதிவைத்திருந்தாள். எஸ்தரக்காவின் அடுப்பு எரியும் நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தினமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்று தள்ளித் தள்ளிப் போயிருந்தது. இந்த ஊரில் அப்படித் தள்ளிப்போவது ஒன்றுதான் எனக்குத் தெரியும், கடல் ஏறும் நேரம். கடல் ஏறினால் சாக்கடைத் தண்ணீர் பின்வாங்கும். அதன் மேல் அடைந்து கிடக்கும் வாயு எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே மேலே வரும்.

சமையல் சிலிண்டர் வாயு கனமானது, தரையோடு கிடக்கும். சாக்கடை வாயு மீத்தேன், லேசானது, மாடிக்கு ஏறும். சிலிண்டர் வாயுவை என் பெட்டி பார்க்காது. அதற்குச் சோப்பு நுரை போதும். எஸ்தரக்கா ரப்பர் குழாய், ரெகுலேட்டர் எல்லாவற்றிலும் நுரையைத் தடவினார். ஒரு குமிழ்கூட வரவில்லை. இனி மாடியில் மீத்தேன் இருக்கிறது என்று பெட்டி சொல்லிவிட்டால் குற்றவாளி சாக்கடை, எஸ்தரக்கா இல்லை. முதலில் வாசலில் வைத்து, சந்துக் காற்றுக்குப் பெட்டியைப் போட்டேன். பட்டறையே அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றது.

மைனஸ் முப்பத்தாறு.

"மைனஸ்னா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் எஸ்தரக்கா. மிஷின் சரியில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பைக் கூட்டப் போனார். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பாக்கெட் போடும் பெண் காலால் ஒரு மிதியை அமுக்க, முறுக்குப் பாக்கெட் புஸ்ஸென்று தலையணையாக உப்பி, வாய் ஒட்டிக்கொண்டு வெளியே விழுந்தது. பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு கறுப்பு சிலிண்டர். அது என்ன என்று கேட்டேன்.

"நைட்ரஜன்லா. அது அடைச்சாத்தான் முறுக்கு நமுக்காது, மூணு மாசம் மொறுமொறுன்னு கிடக்கும். இப்பம் எல்லா மால்லயும் அப்படித்தான கேக்கான்" என்றாள்.

சுத்த நைட்ரஜனில் மீத்தேன் கிடையாது. உலகத்திலேயே நம்பக்கூடிய பூஜ்யம் அதுதான். இப்படி ஒரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்றுதான் மிக்சிக்குப் பக்கத்தில் பொத்தானை அமுக்கினேன். இங்கே அதை முறுக்குக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிலிண்டர் குழாயைப் பெட்டியின் வாயில் செருகினேன். திரை மைனஸ் முப்பத்தொன்பதில் நின்றது.

பூஜ்யம் என்று காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் முப்பத்தொன்பது. அப்படியானால் மிஷின் சரி, நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு. இரண்டு என்று நான் சொன்ன காற்றில் உண்மையில் இருந்தது நாற்பத்தொன்று. மாட்டுங்காவில் சிலிண்டர் இல்லை, வீட்டுக்கு வீடு குழாயில் வரும் கேஸ். அது மீத்தேன்தான். சுதாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு லீவு, வீட்டில்தான் இருந்தாள்.

"கேஸ் மெயின் வால்வை மூடு. சுவிட்ச் எதையும் தொடாதே. எல்லா ஜன்னலையும் திறந்துட்டு வெளிய போ. உங்க கிச்சன்ல லீக் இருக்கு."

"எங்காத்துலயா? தாராவில இருந்துண்டு எங்காத்துல லீக்குங்கறியா? நோக்கு அங்க வெயில் கியில் பட்டுடுத்தா?"

கத்த வேண்டியிருந்தது. கத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். குழாய் கேஸ் ஆட்கள் வந்து, புதிதாகப் போட்ட மாடுலர் கிச்சன் அலமாரியைக் கழற்றிப் பார்த்தார்களாம். அலமாரிக்குப் பின்னால் குழாய் இணைப்பு லூசு. அவ்வளவு மெல்லிய கசிவு மூக்குக்குத் தெரியாது. அலமாரி மாட்டிய நாளிலிருந்தே இருந்திருக்கும் என்றார்களாம். சுதா வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாகப் பேசினாள். சோபாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நைட்ரஜனைக் கொண்டு பூஜ்யத்தை வைத்த பிறகு பெட்டி ஒழுங்காகப் பேசியது. சந்தில் மூன்று. அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து. முத்துலட்சுமியின் அறையில் எழுபது. கடல் இறங்கியிருக்கும் நேரத்திலேயே எழுபது என்றால் ஏறும்போது அலாரம் கத்தாமல் என்ன செய்யும்? சாக்கடைதான் என்று சொன்னேன். எஸ்தரக்கா ஏணியைப் பார்த்து, "கேட்டுக்கிடச் சொல்லுங்க" என்றார். முத்துலட்சுமி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மத்தியானச் சாப்பாடு, கோழிக்குழம்பு, கிளம்பும்போது இரண்டு கிலோ முறுக்கு. அன்றைக்குப் பட்டறையில் எல்லாரும் சத்தமாகப் பேசினார்கள். நானும்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அதிகாரி பைக்கில் வந்தார். நாற்பது வயதுக்காரர், கையில் ஒரு கிளிப் அட்டை, முகத்தில் முந்திய ஐந்து நாளின் களைப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் எல்லாம் விளக்கினேன், சிலிண்டர் குழாயில் சோப்பு நுரையைத் தடவியும் காட்டினோம். தாணே வரை ஓடும் ஒளி என்றதும் கொஞ்சம் நிமிர்ந்தார், அவர் வீடு தாணேயில். உறிஞ்சு குழாயின் முனையை அடுப்படியில் பிடித்தேன், ஐந்து. சிலிண்டர் அருகில், ஐந்து. பாக்கெட் போடும் இடத்தில், நான்கு. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பிறகு பேனாவால் மூலையைக் காட்டி, அந்த டிரம்முக்குப் பின்னால் என்றார்.

மாவு டிரம்மை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். பின்னால் தரைக்கல்லில் முழ நீளத்துக்கு ஒரு விரிசல். குனிந்து குழாய் முனையை அதன் மேல் வைத்தேன். திரையில் எண் மேலே பாய்ந்து, ஒரு கணம் துடித்து, மறைந்தது. வெறும் கோடு மட்டும் நின்றது.

கடல் ஏறும் நேரம் அது. முத்துலட்சுமியின் காலண்டர் கணக்குப்படி பதினொன்றுக்கு உச்சம். ஆனால் முந்தின நாள் குஷியில் நான் அதை யோசிக்கவே இல்லை.

"ஒன்றும் இல்லையா?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

கோடு மட்டும் வருவதற்கு எங்கள் பெட்டியில் ஒரே அர்த்தம்தான். மீத்தேன் அவ்வளவு அதிகமாக இருப்பதால் ஒளி ஒரு தடவைகூடத் திரும்பி வராமல் உள்ளே போன வேகத்தில் செத்துவிட்டது. துளித்துளியாக இருப்பதை அளக்கச் செய்த மிஷின் அது. இத்தனை என்று சொல்லும் திராணி அதற்கு இல்லை. என் வாயில் வந்தது, "ஸ்க்ரீனில் நம்பர் இல்லை" என்பது மட்டும்தான். பொய்யில்லை. அதைவிடக் கேவலம். அவர் தலையாட்டிக்கொண்டு, கசிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து எஸ்தரக்காவிடம் கொடுத்தார். டீ குடித்தார். முறுக்குப் பாக்கெட் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். அவர் வாசல் தாண்டும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊரில் நான் பார்த்த எத்தனையோ பேரைப் பற்றிக் கேலியாக எழுதிவிட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எஸ்தரக்கா தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணினார். பெண்கள் அடுப்பைக் கூட்டினார்கள். கண்ணைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மேடம்? நம்பர் இல்லன்னா நல்லதுதான?"

"நல்லதில்லீங்க" என்றேன். அந்த விரிசலுக்குக் கீழே சாக்கடை, அதிலிருந்து வருவது என் மிஷினால் எண்ணிச் சொல்ல முடியாத அளவு. இதுவரை ஒன்றும் ஆகாதது உங்கள் அதிர்ஷ்டம். இத்தனை நாள் அதன் மேலேதான் நான்கு அடுப்பு எரிந்திருக்கிறது. அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மேல் தப்பில்லை, உங்களுக்கு ஏன் சீல் என்று நினைத்துவிட்டேன். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். 

எஸ்தரக்கா திட்டவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு திரும்பி, முதல் அடுப்பை அணைத்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. சிலிண்டர்களை மூடினார். எண்ணெயில் பாதி வெந்த முறுக்கு மிதந்துகொண்டிருந்தது. "எல்லாரும் அப்படியே போட்டுட்டு வெளிய போங்கட்டி. லைட்டு சுவிட்சத் தொடாதிய" என்றார். எல்லாரும் வெளியே போன பிறகு ஏணியடியில் வந்து நின்று, நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேரே கூப்பிட்டார்.

"ஏட்டி முத்து, பிள்ளையத் தூக்கிட்டு எறங்கி வா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, முத்துலட்சுமி ஏன் என்று கேட்காமல் இறங்கி வந்தாள். மேலே அலாரம் அடிக்க ஆரம்பித்தது. எஸ்தரக்கா தாளைப் பிடித்துக்கொண்டு சந்தில் வேகமாக நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். பெரிய சாலையில் அதிகாரி பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார், நல்லவேளையாக அது கிளம்பவில்லை. எஸ்தரக்கா தாளை அவரிடம் நீட்டி, இதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், என் கடைக்குச் சீல் வையுங்கள், சாக்கடையைச் சரிபண்ணிய பிறகு திறந்தால் போதும் என்று இந்தியில் சொன்னார். நான் மூச்சு வாங்க மிச்சத்தைச் சொன்னேன். அதிகாரி தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முத்துலட்சுமி குழந்தையை என்னிடம் திணித்துவிட்டு முன்னால் போனாள். புகார் எழுதிக் கொடுத்த அதே கையால் அதிகாரியின் பைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் சாப், பூட்டாதிய. தீவாளி நேரம். இவ்வளவு பேரு பொழைக்க எடம். நான் எழுதிக் குடுத்தத நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்று தமிழிலேயே அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ சும்மா கெட" என்றார் எஸ்தரக்கா. தாளை அதிகாரியின் கிளிப் அட்டை மேல் வைத்தார். "சாப், எழுதுங்க."